தவசி அண்ணன் ஏறாத ஜீப்பு

தவசி அண்ணன் காலையில் போய்விட்டார் என்று ராசிங்காபுரத்துப் பால்காரர்தான் வந்து சொன்னார். ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். போடி ஜீப்பு ஸ்டாண்டில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அழுதிருப்பீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நானும் அவரும் கூட்டாக ஒரு பெட்ரோல் ஜீப்பு வைத்து, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிப் போனோம். ஓட்டுவது நான், ரிப்பேர் சோலியெல்லாம் அவர் பொறுப்பு. தோட்டத்தில் என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, மூடுபனியில் வண்டிக்கு முன்னால் நடந்தே வழிகாட்டி எங்களைக் கீழே இறக்கியவர் அவர். அதன்பிறகு அவர் பேச்சுக்கு என்னிடம் மறுபேச்சு கிடையாது.

டீசல் இன்ஜினுக்கு மாற்றலாம் என்றதும் அவர்தான். "பெட்ரோல் மருமகன் மாதிரி தம்பி. சொகுசா வரும், ஒருநா கோவிச்சுக்கிட்டு நின்னுரும். டீசல் மாமியா மாதிரி. சத்தம் போடும், ஆனா வீட்ட விட்டுப் போகாது." ஸ்டாண்டே சிரித்தது. இன்ஜினைத் தேடிப் பிடித்து மாட்ட வைத்ததும் அவரே.

அந்த மழைக்காலத்தில், ஏற்றத்து வளைவொன்றில் இன்ஜின் சூடேறி இறுகி நின்றது. பிரேக் பிடித்தும் லோடு தாங்காமல் வண்டி பின்னால் உருண்டு மண்சரிவில் மோதியது. காய் எடுக்க வந்த மூக்கம்மாளுக்குக் கால் முறிந்தது. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறாள். பள்ளம் மறுபக்கம் இருந்ததால் மற்றவர்கள் தப்பினோம்.

இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் என்னை விநோதமாகப் பார்த்தார். "விரிசல் விட்டு வெல்டு வச்ச இன்ஜினுல்ல இது. மாட்டும்போதே தவசி அண்ணங்கிட்டக் காட்டுனேனே, சொல்லலையா?"

அது தவசி அண்ணனுடைய மச்சினனின் பழைய வேனில் கிடந்த இன்ஜின் என்பதும் மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது. டீசல் மாட்டிய பிறகு அண்ணன் எங்கள் ஜீப்பில் மேலே வந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதுகுவலி என்று சொல்லி பஸ்சில் போய்க்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேவாண்ணே?" என்று கேட்டேன்.

"மச்சினன் கெஞ்சுனான்ப்பா. ஒரு சீசன் ஓடிரும்னு நெனச்சேன்."

"என்னைய நெனைக்கலையா?"

அன்றோடு கூட்டு முறிந்தது.

டீசலைப் பற்றி அவர் சொன்னதில் பொய்யில்லை. பிறகு நான் தனியாகப் பார்த்து வாங்கிய டீசல் வண்டி இன்றும் மக்கர் பண்ணாமல் மலையேறுகிறது. அவருக்கு நல்லது எது என்று தெரியாமல் இல்லை.

துக்க வீட்டில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு தம்பி" என்றார். மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. வண்டி விற்க வருகிறவர் டீசலா பெட்ரோலா என்று தொடங்கும்போதே, "இதுல ஒங்க வீட்டு ஆளுகள ஏத்திக்கிட்டு மெட்டுக்குப் போவீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். தவசி அண்ணனிடம் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.