செண்பகத்தின் வில்லை

ஒரு பித்தளை வில்லையை எல்லாரும் பார்க்க எடுப்பாள். இன்னொன்றை எப்போது எடுத்தாள் என்று பக்கத்தில் நிற்பவளுக்கே தெரியாது. மர்சலினுடைய காலை இப்படித்தான் ஆரம்பிக்கும். பலகையில் தன் வில்லையை மாட்டுவாள், முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள், அந்தக் கை கீழே இறங்குவதற்குள் சற்றுத் தள்ளி வேறோர் ஆணியில் இன்னொரு வில்லை ஆடிக்கொண்டிருக்கும். அது ஆடி நிற்கிற வரைக்கும் அவளுக்கு மூச்சு வராது. "மாதாவே, மாதாவே" என்று உதடு மட்டும் துடிக்கும். திருட்டுக்குத் தேவமாதாவையே காவல் வைக்கிற பெண்பிள்ளையை இந்தச் சாந்தோமை விட்டால் வேறு எங்கே போய்ப் பார்ப்பது!

கோயிலைச் சேர்ந்த அச்சுக்கூடம் அது. செபப் புத்தகம், கலியாணப் பத்திரிகை, மாதாமாதம் ஒரு ஞானப் பத்திரிகை எல்லாம் அங்கேதான் அச்சாகின்றன. வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பித்தளை வில்லை. வாசல் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளே பலகையில் மாட்டினால் அன்றைக்குக் கூலி உண்டு, மாட்டாவிட்டால் இல்லை. காய்ச்சல், பேதி, பிள்ளைப்பேறு, வீட்டில் சாவு, எதற்கும் விலக்குக் கிடையாது. நாலு நாள் சேர்ந்தாற்போல வில்லை தொங்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். யுத்தம் முடிந்து வேலை தேடி அலைகிற கூட்டத்துக்குப் பஞ்சமா என்ன?

தாள்களை மடித்துத் தைக்கிற பெண்களுக்கு மர்சலின்தான் மேஸ்திரி. எல்லாருடைய கூலியும் அவள் கைக்கு வந்து, அவள்தான் பிரித்துக் கொடுப்பாள். மேஸ்திரி என்றதும் மீசை முளைத்த பெண்பிள்ளையாக நினைத்துவிடாதீர்கள். ஒல்லி உடம்பு, கழுத்தில் வேர்வையில் நைந்த, மாதா படம் தைத்த துணி உத்தரியம், கொண்டையில் செருகிய மூங்கில் தகடு. மடிப்பைத் தேய்க்கிற அந்தத் தகட்டோடேயே கோயிலுக்கும் போய்விடுவாள். பூசை நடுவில் யாராவது இடித்துச் சொன்னால்தான் உருவி மடியில் வைத்துக்கொள்வாள். பயமென்றால் அப்படியொரு பயம் அவளுக்கு. டிராம் மணி அடித்தால் தெருவோரச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். லஸ்ஸில் ரேஷன் வரிசைக்குப் போலீஸ்காரன் வந்து நின்றால், அரிசியே வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுவாள். இப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளிதான் தினமும் அந்த இரண்டாவது வில்லையை மாட்டுகிறாள்.

சும்மா மாட்டுவதில்லை. வராதவளுடைய தாள்கட்டை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக மடியில் போட்டுக்கொள்வார்கள். மத்தியானம் கஞ்சி குடிக்கிற நேரத்தில் பாதி அதற்குப் போய்விடும். சாயங்காலம் பார்த்தால் வந்தவள் வேலையும் முடிந்திருக்கும், வராதவள் வேலையும் முடிந்திருக்கும். "வேல கொறஞ்சுதுன்னு எவனாச்சும் சொல்லட்டும், என் காத அறுத்துக்கிறேன்" என்பாள் மர்சலின். சொல்லிவிட்டு, யாராவது நிஜமாகவே கேட்டுவிட்டார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

இந்தத் தடவை வராதவள் செண்பகம். தலைப்பிரசவம். மந்தைவெளிப் பக்கம் ஒரு குடிசையில் பச்சை உடம்பாகக் கிடக்கிறாள். புருஷன் அவள் வாயும் வயிறுமாக இருக்கையில் பர்மாவுக்குப் போனவன், போனவன்தான். கூலி நின்றால் அவளுக்குக் கஞ்சி இல்லை, கஞ்சி இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பால் இல்லை. வயதுக்கு வந்த எவளுக்கும் தெரிகிற கணக்கு. அதைத்தான் பலகைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அந்த வாரம் மடிப்புக்கு வந்தது ஞானப் பத்திரிகை. அதில் மானேஜர் ராஜநாயகம் சாமியார் எழுதிய கட்டுரை. அவர் இளைஞர், படித்தவர். அச்சுக்கூடத்துக்குப் பொறுப்பேற்று அதிக நாள் ஆகவில்லை. தொழிலாளி நோயில் விழுந்தால் அவன் வீட்டு அடுப்பு அணையும்படி விடுவது கிறிஸ்தவ நீதி ஆகாது என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தார். மர்சலின் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். ஷகீலா மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"ஏன்க்கா, இது எந்த ஊரு அச்சாபீஸப் பத்தி எழுதிகீறாரு?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "வாய மூடுங்கடி, சாமி மாடியிலதான் கீறாரு" என்று மர்சலின் பதறினாள். ஆனாலும் அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வில்லை மாட்டுவது பொய் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் சனிக்கிழமைதோறும், செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லிப் பொறுத்தல் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விடுவாள். அதிலும் ஆரோக்கியநாதர் சாமியாரிடம்தான் போவாள். பெரியவருக்குக் காது மந்தம். என்ன சொன்னாலும், "சரி மகளே, சரி. அஞ்சு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு" என்பார். சர்வேசுரனுக்குக் கேட்டால் போதாதா, சாமியாருக்கும் கேட்கவேண்டுமா என்பது மர்சலினுடைய கட்சி. கம்பித் தடுப்பு போட்ட மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு மேலே அவர் பேர் எழுதின பலகை தொங்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் முழங்கால் போடுவாள்.

அந்தச் சனிக்கிழமையும் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். பெரியவர் காதுக்கு எட்டட்டும் என்று கொஞ்சம் உரக்கவே, செண்பகத்தின் வில்லையைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள்.

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து வழக்கமான "சரி மகளே" வரவில்லை. "எவ்வளவு காலமாக?" என்று ஒரு குரல் கேட்டது.

இளங்குரல். ராஜநாயகம் சாமியாருடைய குரல். மர்சலின் ஓடிவிடலாமென்று பாதி எழுந்து, மறுபடி முழங்கால் போட்டாள்.

"பெ... பெரிய சாமி இல்லீங்களா?"

"அவருக்குக் காய்ச்சல். படுத்திருக்கிறார். அவருக்குப் பதிலாக நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ சொன்னது பொய், மகளே. ஏமாற்று. இனிமேல் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய். பாவப்பொறுத்தல் தருகிறேன்."

"வேல கொறயலயே சாமி..."

"வேலை குறையவில்லை என்பதால் பொய் உண்மையாகிவிடுமா?"

அப்போதுதான் அவள் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துச் சொன்னதில்லை, பயத்தில் உளறினாள். "பெரிய சாமிக்குக் காய்ச்சலு. அவரு வேலய நீங்க பாத்துக்கினுகீறீங்க. வெளிய அவரு பேரு பலக அப்பிடியே தொங்குது. அவருக்கு நேரா நேரத்துக்குப் பாலும் ரொட்டியும் போவுது. நல்லது சாமி, போவணும். வயசானவரு. எங்க செண்பகத்துக்கும் அத்தாஞ் சாமி நான் செஞ்சது."

கம்பிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. சாமியார் கோபித்துக்கொண்டாரா, வெட்கப்பட்டாரா? முகம் தெரிந்தால் அல்லவா சொல்ல முடியும். குரல் மட்டும் முன்னைவிடத் தணிந்து வந்தது.

"பிரதிக்கினை செய்கிறாயா, இல்லையா?"

"செஞ்சா பொய்யா பூடும் சாமி. திங்கக்கெழம கை தானா மாட்டிடும்."

பாவப்பொறுத்தல் இல்லாமலே எழுந்து வந்தாள்.

மறுநாள் பூசையில் எல்லாரும் நன்மை என்கிற திருஅப்பம் வாங்க எழுந்தபோது, பாவப்பொறுத்தல் கிடைக்காத மர்சலின் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். வருஷக்கணக்காக முதல் வரிசையில் போய் முழங்கால் போடுகிறவள். தாண்டிப் போன பெண்களில் ஒவ்வொருத்தியும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். "இன்னா பாவம் செஞ்சாளோ, இந்த வயசில!" என்று பின்பெஞ்சு லூயிசா அம்மாள் பக்கத்திலிருந்தவளின் காதைக் கடித்தாள். மர்சலின் தலையைக் குனிந்து, செபமாலையின் ஒரே மணியைத் திருகிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. நன்மை வாங்காத வாய்க்கு அன்றைக்குச் சோறும் இறங்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது, அதை வைத்து ஒரு காரியமும் செய்யக்கூடாது. உயிரே போனாலும் கூடாது. இது மர்சலினுக்கும் தெரியும். ஆகையால் அவள் பிழைத்தாள். வழக்கம்போல் மாட்டலாம், வழக்கம்போல் இருக்கலாம், அவரும் தெரியாதவர்போல் இருந்துதான் ஆகவேண்டும். இதை நினைத்து நிம்மதிப்பட வேண்டியவள் அல்லவா? ஞாயிறு முழுக்க வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். "அவரு வாய கட்டிப்போட்டுட்டு நான் திருடுறதா? இது இன்னா பொழப்பு?" என்று பானையிடம் கேட்டாள். மாட்டாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தால் செண்பகத்தின் முகம் வந்து நின்றது. மாட்டலாம் என்றால் கம்பிக்குப் பின்னாலிருந்த அந்தக் குரல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

திங்கட்கிழமை. கை தானாக மாட்டித்தான் விட்டது.

திங்கட்கிழமைகளில் மானேஜர் சாமியார் மாடியிலிருந்து இறங்கி வருவார். ஆட்களைப் பார்க்கமாட்டார், பலகையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அன்றைக்கும் இறங்கினார். பலகைக்கு முன் நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை என்று ஒரு நாளே வராததுபோல் இருந்தது. வழக்கமான குரலில் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"ஆச்சு சாமி" என்றால் முடிந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு மாடி ஏறிவிடுவார். மர்சலின் வாயைத் திறந்தாள்.

"இல்ல சாமி."

ஷகீலாவின் கை ஊசியோடு அப்படியே நின்றது.

"செண்பகம் வரல. புள்ள பெத்துக்கினு படுத்துகீறா. அவ வேலய நாங்க முடிச்சிடுறோம், ஒரு தாளு பாக்கி இல்லாம. அவ வில்லய மாட்டுறது நானு. தெனமும் நாந்தான்." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இது இங்க நின்னுக்கினு சொல்றேன் சாமி. தொட்டியில இல்ல."

இனி அவருக்கு வாய்க்கட்டு இல்லை. தெரிந்துவிட்டது, எல்லார் எதிரிலும் தெரிந்துவிட்டது. மானேஜர் என்றால் ஏதாவது செய்துதான் ஆகவேண்டும். சாமியார் பலகையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காலியாக இருந்த செண்பகத்தின் இடத்தையும், அதற்கு எதிரே மடித்து அடுக்கியிருந்த தாள்கட்டையும் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு, மர்சலினைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"வராதவள் வில்லை பலகையில் இருக்கக்கூடாது. கழற்றிக் கொடு."

மர்சலின் பலகையண்டை போனாள். செண்பகத்தின் வில்லையைத் தொடவில்லை. தன்னுடையதைக் கழற்றினாள், முந்தானையில் ஒரு தடவை துடைத்தாள், சாமியாருடைய கையில் வைத்தாள்.