பூட்டு தொங்கிய கடைசி வீடு

தொண்ணூறுகளில் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். கரையான்சாவடியில் பழைய ஓட்டு வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்ட அனுமதிக்கு விண்ணப்பித்திருந்த பில்டர் எங்களிடம் கடன் கேட்டார். வீடுகள் காலியா என்று பார்க்கப் பகலில் போனேன். எல்லாக் கதவிலும் பூட்டு. "காலி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அனுமதி வந்தது, கடனும் கிடைத்தது. இடிக்கும்போது நானும் அங்கே நின்றேன். கடைசி வீட்டுக் கூரையில் கடப்பாரை இறங்கியதும் உள்ளே இருமல் கேட்டது.

"நிறுத்துங்கப்பா!" என்று கத்தினேன். பூட்டை உடைத்தார்கள். தலையெல்லாம் ஓட்டுத் தூசியோடு ஒருவர் வெளியே வந்தார்.

"நைட் ஷிப்ட் சார். தூங்கசொல்ல யாரும் தட்டக்கூடாதுன்னு சம்சாரம் வெளிய பூட்டிகினு வேலைக்குப் பூடும். காலி பண்ண மாசக் கடைசி வரிக்கும் டைம் கீதுன்னு பில்டர் ஆளுங்க சொன்னாங்களே, இன்னா சார் இது?"



பார்க்கப் போன அன்றே அந்தக் கதவை ஒரு முறை தட்டியிருக்கலாம். அவருடைய தூக்கம் மட்டும்தான் கெட்டிருக்கும்.