கையை நோக்கி வளைந்த தாரை

அன்று பிற்பகல் கெமிஸ்ட்ரி கூடத்தில் இருந்தவர்கள்: புரொபசர், அவருடைய டெமான்ஸ்டிரேட்டர், மாணவர்கள் இருபத்திரண்டு பேர், அட்டெண்டராகிய நான். ஆக மொத்தம் இருபத்தைந்து. இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் அங்கே இருந்ததோ என்ற சந்தேகம் வெகுநாள் என்னை விடவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய பங்குனி அது. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக் காலேஜுக்கு நடந்தே போய்வருவேன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவனுக்குப் பதினான்கு ரூபாய் சம்பளத்தில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? கதவைப் பூட்டிக்கொண்டு பாலம்வரை வந்துவிட்டு, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பிப் போகிற ஆள் நான். அப்படிப்பட்ட நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வருஷா வருஷம் பங்குனியில் அந்தப் பாடம் வரும். காற்றில் ஈரம் இருந்தால் எபனைட் என்கிற கெட்டி ரப்பர்த் தடியில் மின்சாரம் நிற்காது. அதனால் வெயில் காலத்துக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். தாரை காற்றில் ஆடக்கூடாது என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவோம். அடியில் குழாய் வைத்த நீளக் கண்ணாடிக் குழல்கள், பியூரெட்டுகள், இரண்டு நிற்கும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் டெட்ரா. முழுப் பெயர் கார்பன் டெட்ராகுளோரைடு. பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். குழாயைத் திறந்தால் நூல்போலத் தாரை இறங்கும். நான் தடியைக் கம்பளித் துணியில் தேய்த்துப் பக்கத்தில் நீட்ட வேண்டும். தண்ணீர்த் தாரை, தொடாமலே, என் கையை நோக்கி வளையும். கூப்பிட்ட குரலுக்கு யாரோ திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். ஒவ்வொரு வருஷமும் எனக்கு முதுகு சில்லிடும். டெட்ரா அப்படியில்லை, என்னைச் சட்டை செய்யாமல் நேராக விழும். அது எனக்கு எப்போதும் ஆறுதல்.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காக என் மனைவி லால்குடியிலிருந்து அவள் அண்ணியின் கல்யாணப் பட்டை இரவல் வாங்கி வந்திருந்தாள். குத்துவிளக்கு சாய்ந்து, முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

"என்னங்க, அண்ணி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? இரவல் குடுத்தா எண்ணெய்த் துணியாக்கிக் குடுத்துட்டான்னு லால்குடி முச்சூடும் சொல்லும். அப்புறம் எனக்குப் பொறந்த வீடே இல்லைன்னு வச்சுக்கங்க."

டெட்ரா எண்ணெயைக் கரைத்துவிடும், பட்டை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஸ்டோர் சாவி என்னிடம்தான். மூன்று நாள், மருந்துச் சீசாவில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வந்தேன். வாசனை வெளியே போகக்கூடாதென்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு துடைத்தோம். இனிப்பான வாசனை. சற்று நேரத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "யாரோ சிரிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். எனக்கும் கேட்டது. கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்து வந்தேன். கறை போய்விட்டது.

ஸ்டோரில் இருந்த டெட்ரா பாட்டிலில் கால் பங்கு குறைந்திருந்தது. பாலில் விட்டால் தெரிகிறதா என்ன, என்று தண்ணீரை விட்டுச் சரிக்கட்டினேன். குலுக்கினேன், கலங்கி, கலந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. பழுப்புக் கண்ணாடி, உள்ளே நடப்பது வெளியே தெரியாது.

பங்குனியில் அந்த நாள் வந்தது. பயத்தில் பாட்டிலை இன்னொரு முறை நன்றாகக் குலுக்கியே பியூரெட்டில் ஊற்றினேன். வகுப்பு தொடங்கும்போது பியூரெட்டின் மேல்பாகத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. ஜன்னல் கம்பியின் நிழல் என்று நினைத்தேன். பிறகுதான், ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன என்பது நினைவுக்கு வந்தது.

தண்ணீர் வழக்கம்போல வளைந்தது. புரொபசர் கரும்பலகையில் படம் போட்டார். அணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பது இரண்டு எலெக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்வதால்தான். ஆனால் இரண்டு அணுவும் அவற்றை ஒரே பலத்தில் இழுப்பதில்லை. தண்ணீரில் ஆக்ஸிஜனின் இழுப்பு அதிகம். இரண்டு ஹைட்ரஜனும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதால் அதற்கு ஒரு பக்கம் பாஸிடிவ், ஒரு பக்கம் நெகடிவ். தடியைக் கண்டால் பாஸிடிவ் பக்கத்தைக் காட்டித் திரும்பும். டெட்ராவில் நடுவே கார்பன், சுற்றிலும் நான்கு குளோரின். நான்கு திசையிலும் சமமாக இழுப்பதால் பக்கம் என்று ஒன்று இல்லை.

"இப்ப இதைப் பாருங்க. இவர் சாயங்காலம் வரைக்கும் தேச்சாலும் இது திரும்பாது."

குழாயைத் திறந்தார். தாரை நேராக விழுந்தது. தடியை நீட்டினேன். அசையவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பாதிக்குமேல் இறங்கிய பிறகு, அந்தக் கோடு மெதுவாகக் கீழே வந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். நிழல் இறங்குமா? அது குழாயின் வாயைத் தொட்ட கணத்தில் தாரை ஒருமுறை துடித்தது. பிறகு வளைந்து, என் கையை நோக்கி வந்தது.

தடியைச் சற்று விலக்கினேன். தாரையும் கூடவே விலகி வந்தது. என்னைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. கையைக் கீழே போடவும் எனக்குத் தோன்றவில்லை.

புரொபசர் குழாயை மூடினார். கடைசிச் சொட்டை விரலில் ஏந்தி முகர்ந்தார். "பாட்டிலக் கொண்டாய்யா."

ஒரு ஜன்னலைத் திறந்து, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் ஒன்று, மேலே ஒன்று, நடுவே பளிச்சென்று அதே கோடு. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "பால்காரர் வேலை, சார்!" கூடமே சிரித்தது.

"பால்காரர் கெட்டிக்காரர். தண்ணியச் சேத்துக்கற சரக்குல தண்ணி விடறார்" என்றார் புரொபசர். என்னைப் பார்க்காமலே வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்குங்க. தண்ணி தண்ணியோட பிடிச்சிக்கிட்டு நிக்கும், டெட்ராவ உள்ள விடாது. எவ்வளவு குலுக்கினாலும் பிரிஞ்சிடும். கனமானது அடியில. என் லெக்சரவிட இது மேல்."

மாணவர்கள் போனபின் டெமான்ஸ்டிரேட்டர் ஆபீசுக்கு எழுதத் தாளை எடுத்தார். எழுதினால் அன்றோடு என் வேலை போயிற்று. நான் பட்டு, எண்ணெய், லால்குடி எல்லாவற்றையும் உளறினேன். புரொபசர் முதலில் கேட்டது இதுதான்:

"கறை போச்சா?"

"போயிடுச்சுங்க."

"கதவச் சாத்திக்கிட்டா தொடச்சே? அதோட ஆவி விஷம். செத்திருப்பீங்கய்யா ரெண்டு பேரும்."

எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் மறுபடி கேட்டது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். புதுப் பாட்டிலைத் தன் கைப்பணத்தில் மதராஸிலிருந்து வரவழைத்தார். ஏழு ரூபாய் நாலணா. மாதம் எட்டணாவாகத் தந்தால் போதும் என்றார்.

பதினொரு மாதம் தவறாமல் கொடுத்தேன். அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. காலமாகிவிட்டார் என்று காலேஜுக்குத் தந்திதான் வந்தது. மிச்சத்தை அவர் வீட்டு விலாசத்துக்கு மணியார்டர் செய்தேன். வீடு பூட்டியிருக்கிறதென்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது.

இன்றும் குழாயடியில் கை கழுவப் போனால், கையை நீட்டுமுன் ஒரு நொடி நின்று, தாரை நேராக விழுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி ஒரு ரூபாய் பன்னிரண்டணா.