வாய் தெரிகிற இடம்

சேலம் ஸ்டேடியத்தில் கச்சேரி என்று தெரிந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் கேலரியில் நாற்காலி டிக்கெட் போடுவதாக மகள் சொன்னாள். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். மேடைக்கு முன்னால் கம்பி கட்டி, நின்றுகொண்டே பார்க்கிற இடம் ஒன்று விடுகிறார்களாமே, அதுதான் வேண்டும் என்றார். முட்டி வலி இருக்கிற மனுஷன். ரேஷன் கடை வரிசையில்கூட என்னை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். அப்பாவுக்கு இந்த வயதில் என்ன ஆசை என்று மகள் சிரித்தாள். எனக்குக் காரணம் தெரியும். கேலரியிலிருந்து பார்த்தால் அவருக்குப் பிடித்த அந்தப் பாடகியம்மாவின் வாய் தெரியாது.

அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையில் மீசை அரும்பின நாளிலிருந்து தறி ஓட்டியவர். நானும் அதே பட்டறையில் தார் சுற்றப் போனவள்தான். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் ஏற்றுகிற வேலை அது. எங்கள் மிஷின் வெளி அறையில் இருந்ததால் என் காது பிழைத்தது.

தறி ஓடும்போது அங்கே யாரும் கத்திப் பேசமாட்டார்கள். கத்தினாலும் கேட்காது. வாயை மட்டும் அசைப்போம். பாவு நூல் தீர்ந்துவிட்டது, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், எல்லாமே சத்தமில்லாமல் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போய்ச் சேரும். என்னைக் கட்டிக்கிறாயா என்று அவர் கேட்டதும் அப்படித்தான். நடுவில் ஒரு வரிசைத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியை அவர் குரலில் நான் இன்றுவரை கேட்டதில்லை.

பாட்டென்றால் கரண்ட் போனால்தான். தறி நின்றதும் யாராவது செல்போனில் பாட்டுப் போடுவார்கள். அந்த அம்மாவின் குரல் வந்தால் இவர் கையிலிருக்கும் பீடியைக்கூடப் பற்றவைக்காமல் நிற்பார். கரண்ட் வந்தால் பாட்டு பாதியில் முங்கிவிடும். மீதியை வீட்டுக்கு வந்து கேட்பார். அதில் ஒரு பாட்டு, தாய் வீட்டை விட்டுப் போகிற பெண் பாடுவது, அவருக்கு உயிர். இரண்டு வருஷமாக அதுவும் வண்டு ரீங்காரம் மாதிரிதான் கேட்கிறது என்றார். காது நரம்பு செத்துக்கொண்டே வருகிறது என்று சொல்லி டாக்டர் காதில் வைக்கிற மிஷின் ஒன்று கொடுத்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

மிச்சமிருக்கிற காதும் வாயசைவும் சேர்ந்தால் அந்தப் பாட்டை ஒரு தடவை முழுசாகப் பிடித்துவிடலாம் என்று அவர் நம்பினார். அதற்காகத்தான் போனோம்.

வெயில் தாழும் முன்பே உள்ளே நுழைந்துவிட்டோம். கூட்டம் சேரவில்லை. இடம் பிடிக்க அவர் செய்த அட்டகாசத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் வருகிறது. மேடையை ஒட்டின கம்பியில் என்னை முதுகு சாய்த்து நிற்கச் சொன்னார். தான் பின்னால் போய்ப் போய் நின்று, ஏதாவது சொல் என்று சைகை காட்டினார். நான் வாயசைத்தேன். தலையாட்டினார். இடது பக்கம் நகர்ந்தார், மறுபடி கேட்டார். அங்கே மேடை விளக்குக் கம்பம் மறைத்தது. வலது பக்கம் ஸ்பீக்கர் பெட்டி. பக்கத்திலிருந்த காலேஜ் பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் அவர் பக்கவாட்டுத் தடுப்புக் கம்பியோரம் போய் நின்றதும், உங்களுக்கு முட்டி வலிக்கும், வந்து தொலைங்க என்று வாயசைத்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக, இந்த இடம்தான், எழுத்துச் சுத்தமாக வருகிறது என்று சொல்லிவிட்டார்.

விளக்கு எரிந்தது. அந்த அம்மா பட்டுப்புடவையில் மேடைக்கு வந்தார். ஸ்டேடியமே எழுந்து கூவியது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார், மைக்கை எடுத்தார், வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

மூக்குக்குக் கீழே கருப்பு மைக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை.

ஆயுசு முழுக்க டிவியில் பார்த்த மைக் எங்கள் இரண்டு பேர் கணக்கிலும் வரவேயில்லை. பட்டறையில் யாரும் வாயை மறைத்துப் பேசமாட்டார்கள். மறைத்தால் அடுத்தவனைப் பற்றிப் புறணி பேசுகிறான் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்திலேயே ஊறியவர்களுக்கு, பாடுகிறவர் வாயை மறைத்துக்கொள்வார் என்று எப்படித் தோன்றும்? மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரையைக் காட்டினேன். அதில் மைக் இன்னும் பெரிதாக இருந்தது.

காது மிஷின் அந்தச் சத்தத்தில் கீச்சென்று அலறியதாம். கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நெஞ்சில் கையை வைத்து, தறி ஓடுகிற மாதிரியே அதிருகிறது என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த ஸ்பீக்கரை உதைக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு போனை எடுத்தார். உச்சஸ்தாயி வரும்போது அந்த அம்மா மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். அதற்காகவே காத்திருந்து, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படம் எடுத்தார். முன்னால் நின்ற பெண்ணின் தலைப்பூ, யாரோ தூக்கிய கை, நடுவில் திறந்த ஒரு வாய். எடுத்ததை என்னிடம் நீட்டி எந்தப் பாட்டு என்று கேட்பார். நான் வாயசைத்துச் சொல்வேன். போகப் போக அதுவும் அலுத்து, படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

மனசு பொறுக்கவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவருக்கு நேராக நின்றேன். காதில் விழுகிற வரியை அப்படியே வாயசைக்க ஆரம்பித்தேன். மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கவா இவ்வளவு காசு போட்டு டிக்கெட் என்று பின்னாலிருந்த ஒருவர் முணுமுணுத்தார். நான் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார். இரண்டு பாட்டு அப்படிப் போனது. இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"வார்த்தையெல்லாம் வருது புள்ள. பாட்டு வரமாட்டேங்குது."

நான் மறுபடி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் அவருடைய பாட்டின் முன்னிசை, ஒற்றைப் புல்லாங்குழல், எழுந்தது. கூட்டம் இரைந்தது. அவர் என்ன என்று கேட்பதுபோலப் பார்த்தார். உங்க பாட்டுங்க என்று வாயசைத்தேன். உடனே கண்ணை மூடிக்கொண்டார். நழுவப் பார்த்த போனை நான் வாங்கிக்கொண்டேன். கம்பியில் அவர் விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. உதடு லேசாக அசைந்தது. தலை ஆடியது. தறி நின்ற நேரத்தில் பாட்டுக் கேட்கிற அந்தப் பழைய முகத்தை எத்தனையோ நாள் கழித்துப் பார்த்தேன். ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு செலவு பண்ணிப் போயும் அப்பா தூங்கிட்டாரா என்று மகள் பிறகு கேட்டாள்.

மேடையில் பாட்டைச் சுருக்கிவிட்டார்கள். பல்லவி, முதல் சரணம், அவ்வளவுதான். கைதட்டு ஓய்வதற்குள் குத்துப்பாட்டு ஒன்று ஆரம்பமாகி, சுற்றி நின்ற பிள்ளைகள் குதிக்கத் தொடங்கினார்கள். இவர் விரல் நிற்கவில்லை. பழைய தாளத்திலேயே, நிதானமாக, கம்பியில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் இடித்துவிடக் கூடாது என்று நான் குறுக்கே கையை நீட்டி நின்றேன். தோளில் இரண்டு மூன்று முழங்கை பட்டது. நகரவில்லை.

குத்துப்பாட்டு பாதிக்கு மேல் போன பிறகுதான் அவர் விரல் நின்றது. கண்ணைத் திறந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ரெண்டாஞ் சரணத்துல கடைசி வரிய நல்லா இழுத்தாங்கல்ல?"

அவர் பார்வை என் வாயில்தான் இருந்தது. நல்லா இழுத்தாங்க என்று அசைத்தேன்.