இந்தச் சொல்லுக்கு யார் ஓடி வருவார்கள்?

ஆங்கிலச் சொல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்களுக்கு முதல் எதிரி இலக்கணம் அல்ல, கேன்டீன் சாம்பார் சாதம். ஒரகடம் பக்கம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, சாப்பிட்ட கையோடு வந்து உட்காரும் கூட்டத்துக்கு வகுப்பெடுக்கும் என் இனத்துக்காரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விளக்கமும் கொட்டாவியும்

கார்களுக்கு பிரேக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வெளிநாட்டு கஸ்டமரின் ஆடிட்டர் தரம் சோதிக்க வரப்போகிறார். லைனில் நிற்பவர்களே அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னவர்களுக்கு லைன் லீடர் பதவி, வேலையும் நிரந்தரம். நானும் சொல், விளக்கம், உதாரண வாக்கியம் என்று போர்டு நிறைய எழுதித் தள்ளினேன். பதிலுக்குக் கொட்டாவிதான் வந்தது.

முன்வரிசையில் முத்துலட்சுமி. தென்காசிப் பக்கத்துப் பெண், மாத்தூரில் தோழிகளோடு வாடகை அறையில் இருந்தாள். நான் எழுதுவதை எல்லாம் எழுதிக்கொள்வாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். அவளுடைய கான்ட்ராக்ட் ஆடிட் நடக்கும் மாதத்தோடு முடிகிறது. இப்படி இருந்தால் எப்படிம்மா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தப்பாச் சொன்னா ஊருக்குப் போயி பீடிதான் சுத்தணும் மேடம். சும்மா இருந்தா மாசக் கடேசி வரைக்குமாவது இருப்பேம்லா."

காலையில் வந்த பேரழிவு

'படித்த சொல்லை உடனே பயன்படுத்துங்கள்' என்பது நான் உதிர்த்த பொன்மொழி. அன்று நடத்திய சொல் 'கேட்டஸ்ட்ராஃபிக்', அதாவது பேரழிவான. உதாரணத்துக்கு, செம்பரம்பாக்கம் ஏரி உடைந்தால் என்று கை காலை ஆட்டி வேறு நடித்துக் காட்டினேன்.

மறுநாள் காலை, வகுப்பில் இருந்த வாலாஜாபாத் தேவராஜ் ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டான்: லைன் இரண்டில் நிலைமை கேட்டஸ்ட்ராஃபிக். பிளான்ட் ஹெட் காரை விட்டு இறங்கியதும் ஓடினார். அவர் பின்னால் சேஃப்டி ஆட்கள், அவர்கள் பின்னால் ஸ்ட்ரெச்சர். போய்ப் பார்த்தால் பெட்டியில் ஒட்டும் லேபிள் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். இன்றோடு நம் கதை முடிந்தது என்றுதான் போனேன். பிளான்ட் ஹெட் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். தேவராஜ் மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை.

"லேபிள் தீரப் போவுதுன்னு திங்கக்கெயமலேர்ந்து சொல்லிக்கினு கீறேன், ஒருத்தரும் வரல. நீங்க குடுத்த வார்த்தைக்குத்தான் மேடம் எல்லாரும் வந்தாங்க."

முத்துலட்சுமியின் அளவுகோல்

நல்லவேளை, பிளான்ட் ஹெட் சிரித்துவிட்டார், வகுப்பு பிழைத்தது. சொல்லின் எடையைச் சொல்லிக்கொடுக்காமல் சொல்லை மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று, பாதிப்பைக் குறிக்கும் சொற்களைச் சிறியதிலிருந்து பெரியதாக போர்டில் அடுக்கினேன். அகராதி விளக்கத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். எல்லோரும் முழித்தார்கள்.

அப்போதுதான் முத்துலட்சுமி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "மேடம், இந்தச் சொல்லுக்கு யாரு ஓடியாருவாக?" என்றாள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. 'நெக்ளிஜிபிள்' என்றால் பொருட்படுத்த வேண்டாம், யாரும் வர மாட்டார்கள். 'சிக்னிஃபிகன்ட்' என்றால் கவனிக்க வேண்டியது, சூப்பர்வைசர் வருவார். 'சிவியர்' கடுமையானது, மேனேஜர் வருவார். 'கேட்டஸ்ட்ராஃபிக்'குக்கு யார் வருவார் என்பதை நாங்களே கண்ணால் பார்த்தாயிற்று. இத்தனை வருடம் அகராதியைச் சுமந்த எனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமையாகத்தான் இருந்தது. வகுப்பில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை. தேவராஜ் கை தூக்கினான்.

"எத்தினி தபா கூப்டாலும் வராத எச்ஆருக்கு இன்னா வார்த்தை மேடம்?"

ஆடிட் அன்று

ஆடிட்டர் நேராக முத்துலட்சுமியின் மேசைக்கு வந்தார். பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்து, அதில் மயிரிழை போல் இருந்த கீறலைக் காட்டி, இது எப்படிப்பட்ட பாதிப்பு என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் மேனேஜர் 'நெக்ளிஜிபிள், நெக்ளிஜிபிள்' என்று வாயசைத்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே சொல்லிவிட்டால் மேனேஜருக்குச் சந்தோஷம், அவள் வேலைக்கும் ஆபத்தில்லை.

அவள் குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் தடவினாள். "சிக்னிஃபிகன்ட் சார். ஐ வில் ஸ்டாப் திஸ் பாக்ஸ்" என்றாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். பின்னால் நின்ற மேனேஜர் முன்னால் ஓடி வந்தார். பிளான்ட் ஹெட்டும் வந்தார். என்னை அறியாமல் நானும் ஓடினேன். ஆடிட்டர் சிரித்தார். யாரும் கவனிக்காதபோது கீறல் விழுந்த குழாயைப் பெட்டியில் போட்டதே அவர்தானாம். லைனைச் சோதிக்க ஆடிட்டர்கள் இப்படிச் செய்வது உண்டு. அந்த வாரமே முத்துலட்சுமி லைன் லீடர் ஆனாள். சேதி கேட்டு அப்பாடா என்று கேன்டீன் பெஞ்சில் சாய்ந்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை. அவளே எனக்கு டீ வாங்கி வந்தாள்.

"சூப்பர்வைசரு மட்டும் வருவாகன்னுதான் மேடம் அந்தச் சொல்லச் சொன்னேன். நீங்க எதுக்கு ஓடியாந்திய?"

இப்போது மறைமலை நகரில் வேறொரு கம்பெனியில் அவளுடைய அளவுகோலை என் சொந்தக் கண்டுபிடிப்பு போலவே நடத்திக்கொண்டிருக்கிறேன், நண்பர்களே, இந்தத் திருட்டுக்கு இதுவரை யாரும் ஓடி வரவில்லை.