பாவாடை அண்ணன் அடிச்ச ரெண்டு ஆரன்

தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவனுக்கு வாய் முதலாளிக்குச் சொந்தம், காது பயணிகளுக்குச் சொந்தம், தனக்கென்று மிஞ்சுவது முழங்கால் வலி ஒன்றுதான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்து என் வயசு கழிந்துவிட்டது. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் ஒரு கொலைக் கேசை முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரைக்கும் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே கேட்டிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரன் பேச்சை வேண்டாமென்றாலும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்க. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு எழுத்தைக் காணோம்

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊர். பேர் வேண்டாம். அங்கே கோவிந்தன் என்ற பெரியவர் ஒருநாள் தன் நிலத்துக் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். தலையில் காயம். தவறி விழுந்தாரா, யாராவது அடித்துத் தள்ளினார்களா? மகன் ஏழுமலைதான் தள்ளினான் என்று போலீசில் எழுதிக் கொடுத்தது அசலார் இல்லை, கூடப்பிறந்த அக்கா செல்வி. நிலத்தை பிளாட் போட விற்கலாம் என்று மகனும், முடியாது என்று அப்பாவும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். ஏழுமலை ஜெயிலுக்குப் போனான். நடுவில் மாட்டிக்கொண்டது அவங்க அம்மா அஞ்சலை. புருஷன் போயாச்சு. இனி பிள்ளை குத்தவாளி என்றால் பிள்ளை போச்சு, இல்லை என்றால் பெண் போச்சு. வாய்தா அன்றைக்கு ரெண்டு பொம்பளைகளும் எங்கள் பஸ்ஸில்தான் விழுப்புரம் கோர்ட்டுக்கு வருவார்கள். மகள் முன் சீட்டில், அம்மா பின் சீட்டில்.

போலீசிடம் இருந்த பெரிய சாட்சி ஒரு வாய்ஸ் மெசேஜ். சம்பவத்தன்றைக்கு ஏழுமலை ரோட்டோரம் நின்று தன் கூட்டாளிக்கு அனுப்பியது. கூட்டாளி அதை ஊர் குரூப்பில் போட, மாவட்டமே கேட்டுவிட்டது. ‘அப்பா... பாம்! கொல்ல... பாம்! போறேன்டா. முடிச்சிட்டு வந்துடறேன்.’ அந்த ‘பாம்’ ரெண்டும் பஸ் ஆரன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, கேப்பை போடுகிற மேட்டு நிலத்தைக் கொல்லை என்போம். ‘அப்பா கொல்லைக்குப் போறேன்’ என்று அவன் சொல்லியிருந்தால், ரெண்டாவது ஆரன் ‘க்கு’வை முழுங்கிவிட்டது. ‘அப்பாவ கொல்லப் போறேன்’ என்று சொல்லியிருந்தால், முதல் ஆரன் ‘வ’வை முழுங்கிவிட்டது. விசாரித்த அதிகாரி தெற்கத்திக்காரர். அவர் ஊரில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்பக்கமாம். அதனால் அவருக்கு முதல் தடவை கேட்டதுமே எல்லாம் விளங்கிவிட்டதாம். பஸ்ஸில் யாரோ அந்த மெசேஜை சத்தமாகப் போட்டார்கள். எங்கள் டிரைவர் பாவாடை அண்ணன் (அது சாமி பேருங்க, சிரிக்காதீங்க) ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பிக் கத்தினார்: "யோவ், அது என் ஆரன்யா!"

வ கட்சி, க்கு கட்சி

மறுநாளே பஸ் ரெண்டாகப் பிரிந்துவிட்டது. இடது பக்க சீட்டெல்லாம் வ கட்சி. அதாவது ஏழுமலை குத்தவாளி. வலது பக்கம் க்கு கட்சி, நிரபராதி. புதிதாக ஏறுகிறவர் காலி சீட்டைப் பார்த்துச் சந்தோஷமாக உட்கார்ந்தால், ‘நீங்க வ-வா, க்கு-வா?’ என்று கேட்டு எழுப்பி எதிர்ப்பக்கம் அனுப்பினார்கள். ஆளாளுக்குப் போனில் அந்த மெசேஜைப் போட்டுப் போட்டுக் கேட்டதில், பாவாடை அண்ணன் தன் ஆரனுக்குத் தானே ரெண்டு தடவை ஒதுங்கி வழி விட்டார். ‘பின்னால எவனோ ஜல்தியா வரான் போல’ என்று கண்ணாடியைப் பார்க்கிறார், ரோடு காலியாக இருக்கிறது.

க்கு கட்சித் தலைவர் விக்கிரவாண்டிப் பக்கம் வேலை பார்க்கும் தமிழ் வாத்தியார். வ கட்சித் தலைவி விழுப்புரத்தில் பூ விற்கும் ராணி. வாத்தியார் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வகுப்பு எடுத்தார். "மனுஷனைச் சொல்லும்போது இரண்டாம் வேற்றுமை உருபு மறையாதும்மா. அப்பாவ-ன்னு வந்தே தீரணும். அந்த ‘வ’ நம்ம காதுல விழல. ஆகவே அவன் சொன்னது நிலத்தைத்தான்." வலது பக்கம் கை தட்டியது. ராணி மடியில் இருந்த பூவைக் கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்: "ஏன் சார், அப்பன கொல்லப் போறவன் எலக்கணம் பாத்துக்கினா பேசுவான்?"

வெள்ளைச் சட்டை

மெசேஜில் இருப்பது எங்கள் ஆரன்தானா என்று பார்க்க, வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பாவாடை அண்ணன் கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் ஆரன் எப்போதுமே ஜோடியாகத்தான் வரும். முதலாவது முன்னால் போகிறவனுக்கு, ரெண்டாவது அவன் திரும்பிப் பார்க்காததற்கு. அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் அவர் அடித்த அடியில் வேப்பமரத்துக் காக்கா ஒன்றுகூட மிச்சமில்லை. ‘அதே ஆரன்தான்’ என்று எழுதிக்கொண்டார்கள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, டீ குடிக்க ஒதுங்கியிருந்த டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக வந்தார். ‘இது ஏர் ஆரனாச்சே, வைக்கக் கூடாதே’ என்றார். சலான் கிழித்து அண்ணன் கையில் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் ஒரு ஆரனும் அடிக்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டித்தான் வாயைத் திறந்தார்: "கொல கேசுக்கு சாட்சி சொல்லப் போனேன், ஆரன் கேசுல நான் குத்தவாளியாயிட்டேன். என் கேசுல மட்டும் ஒரு எழுத்துகூட காணாம போவலியே, அத பாரு."

செருப்பு எப்படி இருந்தது?

பெரியவரின் செருப்பு ரெண்டும் கிணற்றோரம் ஜோடியாக, ஒழுங்காக இருந்ததாம். இது வெளியே வந்த அன்றைக்கு எனக்கு டிக்கெட் போடவே முடியவில்லை. ‘தள்ளிவுட்டா செருப்பு ஆளுக்கொரு பக்கம் கெடக்கும்’ என்றது க்கு கட்சி. ‘அப்புறமா எடுத்து அழகா வச்சிருப்பான்’ என்றது வ கட்சி. கிணற்றுப் படியில் இறங்குகிறவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார், ஈரப் படியில் வழுக்கும் என்று சொல்லிப் பார்த்தார் வாத்தியார். யாரும் கேட்கவில்லை. ‘செஞ்சே காட்டறேன்’ என்று அவர் பஸ் படிக்கட்டுக்கு வந்தார். செருப்பை மேல் படியில் ஜோடியாகக் கழற்றி வைத்தார். ஒரு காலை கீழ்ப்படியில் வைத்தார். நான் வேண்டாம் சார் என்று அவர் தோளைப் பிடித்தேன். அப்போது குறுக்கே ஒரு ஆடு வந்தது. பாவாடை அண்ணன் பிரேக்கை மிதித்தார்.

வாத்தியாருக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் பிடித்திருந்தேனே. செருப்பு ரெண்டும் பறந்து ரோட்டில் போய் விழுந்தது, பின்னால் வந்த லாரி அதன் மேல் ஏறிப் போனது. அன்றைக்கு அவர் வெறுங்காலோடு பள்ளிக்கூடத்துக்கு இறங்கிப் போனார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ராணி சொன்னாள்: "சார், நீங்களும் வழுக்கல, யாரும் தள்ளவும் இல்ல, செருப்பு மட்டும் போச்சு. இத போயி ஜட்ஜாண்ட சொல்லுங்க!"

இன்னொரு வாட்டி

வாய்தா நாளில் மட்டும் கூட்டேரிப்பட்டு வந்தால் ரெண்டு கட்சியும் வாயை மூடிக்கொள்ளும். அஞ்சலையம்மா ஏறுவார். நரைத்த தலை, கையில் ஒரு துணிப்பை. யாரையும் பார்க்க மாட்டார். திண்டிவனத்தில் வாக்கப்பட்ட செல்வி அங்கேயே ஏறி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவள் திரும்ப மாட்டாள். ராணி கூட அன்றைக்கு பூ விலையைத்தான் பேசுவாள்.

ஒருநாள், இதெல்லாம் தெரியாத ஒருவர் சென்னையிலிருந்து வந்து ஏறினார். கழுத்தில் ஆபீஸ் அட்டை. அஞ்சலையம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நேரம் போகாமல் போனை எடுத்து, ‘இது கேட்டீங்களாம்மா? உங்க ஊர் பக்கம்தானே? நீங்க சொல்லுங்க, இவன் கொலை பண்ணியிருப்பானா?’ என்று அந்த மெசேஜைப் போட்டுவிட்டார். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன், அதற்குள் முடிந்துவிட்டது. அந்தம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "இன்னொரு வாட்டி போடுப்பா," என்றார். "கோர்ட்டுல தூர இருந்து மூஞ்சத்தான் பாக்க வுடறாங்க. எம்புள்ள கொரல கேட்டு நாளாச்சு."

ஒரே மண்வெட்டி

பாவாடை அண்ணனை சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மாற்று டிரைவரைப் போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். கூண்டில் ஏறினதும் அண்ணன் ஜட்ஜைப் பார்த்துக் கும்பிட்டார், அரசு வக்கீலைப் பார்த்துக் கும்பிட்டார், டைப் அடிக்கிற அம்மாவையும் கும்பிட்டார். அன்றைக்கு ரோட்டில் ஏழுமலையைப் பார்த்தீர்களா? பார்த்தேனுங்க. எப்படி இருந்தான்? ஒரு கையில போனு, ஒரு கையில மம்பட்டி. அவ்வளவுதான். அரசு வக்கீல், ‘கவனிக்க வேண்டும், கையில் ஆயுதம்’ என்றார். ஏழுமலை தரப்பு வக்கீல் துள்ளி எழுந்து, ‘கவனிக்க வேண்டும், கொல்லைக்குப் போகிறவன் கையில் மண்வெட்டி இல்லாமல் பேனாவா இருக்கும்?’ என்றார். அடித்து ஏற்பட்ட காயமா, படிக்கல் பட்ட காயமா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அரை மணி நேரம் ரெண்டு பேரும் அந்த மண்வெட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது ரெண்டு வக்கீலுமே அண்ணன் கையைக் குலுக்கி, ‘நல்ல சாட்சி, கேஸ் நமக்குத்தான்’ என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் டீயை ஊதிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் பாத்தது ஒரே ஒரு மம்பட்டிப்பா. இவனுங்க ஆளுக்கொண்ணு எடுத்துக்கினு போறானுங்க."

சந்தேகத்தில் பாதி

கடைசியில் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து விடுதலை. ‘எதிரின்னா யாரு?’ என்று பஸ்ஸில் கொஞ்ச நேரம் அடிதடி. கோர்ட்டு பாஷையில் ஏழுமலைதான் எதிரி என்று வாத்தியார் விளக்கினார். க்கு கட்சி ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தது. வ கட்சிக்காரர்களும் வாங்கித் தின்றார்கள். ‘சந்தேகம்னு ஜட்ஜே சொல்லிட்டாரு இல்ல, அந்த சந்தேகம் எங்களுதுதானே, பாதி ஜெயம் எங்களுக்கு’ என்று ராணி ரெண்டாவது மிட்டாய் கேட்டாள்.

ரெண்டு நாள் கழித்து, விழுப்புரத்தில் அஞ்சலையம்மா மகனை அழைத்துக்கொண்டு வந்து ஏறினார். இளைத்துப்போயிருந்தான். பஸ் புறப்பட்டதும் எல்லார் மனசிலும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தெரியும். வாத்தியாரால் அடக்க முடியவில்லை. கிட்டே போய், குனிந்து, ‘தம்பி, தப்பா நெனக்காத. அன்னைக்கு சொன்னத ஒரு வாட்டி அப்படியே சொல்லிக் காட்டேன்’ என்றார். ரெண்டு பக்க சீட்டும் கழுத்தை நீட்டியது. அவன் வாத்தியாரை நிமிர்ந்து பார்த்தான்: "வேணாம் சார். இனிமே நான் அத நெலம்னுதான் சொல்றது."

நீ எந்தப் பக்கம்?

சிரிப்பு அடங்குவதற்குள் கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் செல்வி ஏறிவிட்டாள். மேல்முறையீடு செய்யலாமா என்று வக்கீலைக் கேட்க வந்தவள். தம்பியைப் பார்த்ததும் படியிலேயே நின்றாள். நான் விசில் அடிக்கவில்லை. இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இறங்கவில்லை, நேராக அம்மா முன்னால் வந்து நின்றாள். ‘அந்த வூட்டுல இவன் கால வச்சான்னா நான் செத்தாலும் வாசப்படி மிதிக்க மாட்டேன். அப்பாவ தூக்கினு போனப்ப நீ என்னா சொல்லி அழுதன்னு மறந்துட்டியா? இத்தினி நாளா வாயே தொறக்கல. இப்ப சொல்லு, நீ எந்தப் பக்கம்?’ என்றாள். ஏழுமலை கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது குத்தமுள்ளவன் மௌனமா, மனசு விட்டுப்போனவன் மௌனமா, எனக்குத் தெரியாது. அதை வைத்து அன்றைக்கு யாரும் கட்சி கட்டவும் இல்லை.

அஞ்சலையம்மா துணிப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மகள் கையைப் பிடித்தார், அவள் உதறினாள், மறுபடியும் பிடித்தார். "தீர்ப்பு சொன்னவரு எழுந்து அவரு வூட்டுக்குப் போயிட்டாருடி. நான்தான் இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கணும். உங்கப்பன் எப்படி செத்தாருன்னு உனக்கு தெரிஞ்சது கூட எனக்கு தெரியாது. இவனாண்ட கேக்கத்தான் போறேன், என் வூட்டுல வச்சி, நானே கேக்கறேன். நீ அவன் இல்லாத நாளா பாத்து வா. பக்கம் கேக்காத, பசிச்சா வா."

செல்வி உட்காரவில்லை, கையையும் இழுத்துக்கொள்ளவில்லை, கூட்டேரிப்பட்டு வரைக்கும் அப்படியே நின்றுகொண்டு வந்தாள். பஸ்ஸில் தீர்ப்பு சொல்கிற எல்லாருக்கும் இறங்குவதற்கு ஒரு ஸ்டாப் இருக்கிறது, கண்டக்டருக்குத்தான் போன வண்டியிலேயே திரும்பி வர வேண்டியிருக்கிறது.