வெள்ளைக்கழிச்சல் வந்த வழி

கோழிக்குத் தடுப்பு மருந்து கொடுக்கிற இந்தத் தொழிலில், கோழியால் எனக்கு ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை. வந்ததெல்லாம் கோழி வளர்க்கிறவர்களால்தான்.

எனக்குச் சொந்த ஊர் சேலம். மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளைச் சுற்றுவது பிழைப்பு. படித்தது டிப்ளமோதான். ஆனால் ஐஸ் பெட்டியோடு பைக்கில் போய் இறங்கினால் எல்லோரும் ‘டாக்டரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சொன்னதைச் செய்ய வேண்டிய நேரம் வந்தால் மட்டும் யாரோ ஒரு ஆரோக்கியராஜ் ஆகிவிடுவேன். நல்லது சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வாத்தியார், நர்ஸ், மெக்கானிக், யாராக இருந்தாலும் சரி, வாங்க, இப்படி உட்காருங்க. சேர்ந்து வயிறு எரியலாம்.

நோம்பிக்கு வந்த மாப்பிள்ளைகள்

முதலில் ஒரு விஷயம். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்று ஒரு வைரஸ் நோய் வரும். மூச்சு இழுக்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், நாலு நாளில் ஷெட்டே காலியாகும். நான் கொடுக்கிற மருந்து அதே வைரஸின் பலம் குறைந்த தம்பிதான். அது உயிரோடு கோழிக்குள் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால்தான், நாளைக்கு அண்ணன்காரன் வரும்போது கோழியின் உடம்பு அவனை அடையாளம் கண்டு அடிக்கும். அதனால்தான் ஐஸில் வைக்கிறோம். சூட்டில் வைத்தால் தம்பி செத்துப்போவான்.

இதையெல்லாம் ஒரு பண்ணைக்காரரிடம் மூன்று தடவை சொல்லி, ஐஸ் பெட்டியோடு மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் மருந்து பாட்டில்கள் ஜன்னலில் சுள்ளென்ற வெயிலில் காய்கின்றன. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வந்த மாப்பிள்ளைகளுக்குக் கலர் சோடா குடிக்க ஐஸ் வேண்டியிருந்ததாம். “எல்லாம் வீண், குப்பையில போடுங்க” என்று கத்தினேன். அவர் ஒரு பாட்டிலை எடுத்து நிதானமாக மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கெட்டுப் போச்சுன்னா வாசம் வருமுங்களே டாக்டரே, ஒண்ணும் வல்லீங்களே!”

கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி

எல்லோரும் இப்படி என்று சொன்னால் எனக்கு நாக்கு அழுகிப்போகும். தங்கமணியக்கா இருந்தார். வீட்டுக்காரர் லாரி ஓட்டி முதுகு போய் வீட்டோடு வந்துவிட, இருந்த காட்டில் ஒரு ஷெட் போட்டு ஆறாயிரம் குஞ்சு இறக்கியவர். முதல் பேட்ச். “இது முட்டைக்கு வந்துட்டாப் பொழச்சுக்குவம். இல்லீன்னா ஷெட்டப் பூட்டிட்டுத் திருப்பூருக்குப் பொட்டி கட்ட வேண்டியதுதானுங்க” என்று முதல் நாளே சொன்னார். நான் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அப்படியே செய்தவர் இந்த வட்டாரத்தில் அவர் ஒருத்தர்தான். வைரஸுக்குக் காலும் கிடையாது, சிறகும் கிடையாது. செருப்பில், டயரில், முட்டை அட்டையில் ஏறித்தான் வரும் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கே கேட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. வருகிறவர் யாரானாலும் அதோடு சரி.

ஒரு நாள் நான் இருக்கும்போதே அவருடைய தாய்மாமன், மகள் கல்யாணத்துக்கு அழைக்கத் தாம்பாளத்தோடு வந்தார். அவர் வீட்டிலும் கோழி உண்டு. பெரிய மனுஷன், பட்டுக்கரை வேட்டி. கேட் திறக்கவில்லை. மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா உள்ளே இருந்தபடியே கும்பிட்டுச் சொன்னார்:

“கோவிச்சுக்காதீங்க மாமா, பத்திரிகைய நாற்காலி மேல வெச்சுட்டுப் போங்க. கல்யாணத்துக்கு நான் வாரேன், எங்கோழிதான் வராது.”

கிருமி போகட்டும்னுதான்

தங்கமணியக்கா பண்ணைக்கும் பழனிசாமி பண்ணைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். பழனிசாமி பெரிய கை, இருபதாயிரம் கோழி. தறி ஓட்டிச் சம்பாதித்துப் பண்ணைக்கு வந்தவர். அவருடைய கோழிகளுக்குத் தண்ணீரில் மருந்து கலந்து கொடுக்கிற நாள் வந்தது. பாட்டில்களைக் கையில் கொடுத்து, முறையைச் சொல்லி, “தண்ணியில வேற எதையும் கலந்துராதீங்க” என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு அடுத்த பண்ணைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் தொட்டிப் பக்கம் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைக்கிறது! நல்ல மருந்து கலக்கப் போகிறோமே, தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று காலையிலேயே இரண்டு கை அள்ளிப் போட்டாராம். அட சாமி, கிருமியைக் கொல்கிற பவுடர் என் வைரஸையும்தானே கொல்லும்? இத்தனைக்கும் பழைய மருந்தின் பலம் தேய்ந்து போயிருந்த நேரம். தலையில் அடித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் மறுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்றேன். மருந்துத் தண்ணீரைக் குடிக்க வைப்பதற்காக இன்னொரு தடவை கோழியைத் தண்ணீர் இல்லாமல் தாகத்தில் போட முடியாது, முட்டை குறையும் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். போதாததற்கு என்னையே ஒரு கேள்வி கேட்டார்:

“கிருமியக் கொல்றதுக்குப் பவுடர் போட்டா, நீங்க கிருமியத்தான் மருந்துங்கறீங்க. நம்ம ரெண்டு பேர்ல யாருக்குங்க பைத்தியம்?”

அடுத்தவன் தறி

மூன்று வாரம் போயிருக்கும். பழனிசாமி கூப்பிட்டார். போனேன். கூண்டுகளில் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு இழுக்கின்றன. நாலைந்துக்குக் கழுத்து திருகியாகிவிட்டது. ஓடே இல்லாத தோல் முட்டை விழுகிறது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மேஜை மேல் ஏழெட்டு வகை ஆன்டிபயாடிக் டப்பா. ஒன்று கேட்கவில்லை என்றால் அதைவிடக் காரமானதாக இன்னொன்று.

தறிக்காரர்தானே, தறியை வைத்தே சொல்வோம் என்று உட்கார்ந்தேன். “உங்க தறிக்குடோன்ல ஒருத்தன் பூந்துட்டான்னு வைங்க. உங்க நூலு, உங்க கரண்டு, உங்க தறி. ஆனா ஓட்டறது அவன் துணி. ஓட்டி முடிச்சதும் அந்தத் தறிய உடைச்சுட்டு அடுத்த தறிக்குப் போயிடறான். வைரஸ்ங்கறது அதுதானுங்க. அதுக்குன்னு சொந்தத் தறி கிடையாது. நீங்க வாங்கி வெச்சிருக்கற மருந்தெல்லாம், பாக்டீரியான்னு சொந்தமாத் தறி வெச்சிருக்கற வேற கிருமியோட தறிய அடிக்கிற மருந்து. இவன்கிட்ட அடிக்கறதுக்குத் தறியே இல்லியே?” நன்றாகத் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் கேட்டார்:

“அப்ப நமக்குப் பேரே தெரியாத மருந்தா ஒண்ணு எழுதுங்க டாக்டரே, பேரு தெரிஞ்சதுக்கெல்லாம் இது பயப்பட மாட்டீங்குது!”

வெளிய சொல்லிராதீங்க

அதுகூடப் பரவாயில்லை. கிளம்பும்போது பார்த்தேன், வாய்க்கால் கரையில் தீவனச் சாக்குகள். உள்ளே செத்த கோழி. நாய் ஒரு சாக்கைக் கிழித்து இழுத்துக்கொண்டிருந்தது, காக்கா கொத்திக்கொண்டிருந்தது. பழனிசாமியிடம் திரும்பிப் போனேன். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள், வண்டி எதையும் உள்ளே விடாதீர்கள், அக்கம்பக்கத்துப் பண்ணைக்கு இன்றைக்கே தகவல் சொல்லுங்கள் என்றேன். குழி மட்டும் வெட்டுகிறேன் என்றார். வெளியே தெரிந்தால் முட்டை எடுக்க ஒருத்தனும் வரமாட்டான் என்று பயம்.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒரு பண்ணையில் பார்த்ததை அடுத்த பண்ணையில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அப்புறம் எவனும் கேட்டுக்குள் விடமாட்டான். யாரோ என்றைக்கோ ஆரம்பித்து வைத்தது. எங்கள் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. பழனிசாமிக்கும் அது தெரியும். தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டார்:

“ஒருத்தரு ஊட்டுல நடக்கறத இன்னொருத்தரு ஊட்டுல போயிச் சொல்ற ஆளுங்களா நீங்க?”

பக்கத்துல எல்லாம் சுகந்தானுங்களா?

மறுநாள் தங்கமணியக்கா பண்ணை. வீட்டிலேயே சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்தேன். துவைத்த துணி, வேறு செருப்பு. பைக்கை ரோட்டிலேயே நிறுத்தினேன். ஐயோ, எவ்வளவு சுத்தமானவன் நான்! கோழிகள் கொண்டை சிவந்து, இன்னும் இரண்டு வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும் போல இருந்தன. அதற்கு முன்னால் கொடுக்க வேண்டிய கடைசி மருந்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அக்கா சும்மா இருக்கவில்லை, நேராகவே கேட்டார்: “டாக்டரே, பக்கத்துல எல்லாம் சுகந்தானுங்களா? வாய்க்காப் பக்கம் காக்கா ஜாஸ்தியா இருக்குதுங்களே?” நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டு, “ஒண்ணும் இல்லீங்கக்கா” என்றேன். நான் சொன்னேன். இந்த வாயால். அந்த நேரம் பார்த்துத் தீவன வண்டி வந்து ஹாரன் அடித்தது. பழனிசாமி பண்ணையில் பாதி மூட்டைகளை இறக்கிவிட்டு வந்த வண்டி. அக்கா வழக்கம்போல டயருக்குக் கிருமிநாசினி அடித்து வண்டியை உள்ளே விட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்:

“அப்பச் செரிங்க. நீங்களே சொல்லிட்டீங்கன்னா எனக்கு வேற யாரையுங் கேக்க வேண்டியதில்லீங்க.”

சுண்ணாம்புக் குழி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையில் இருக்கும்போது போன் நடுங்கியது. பார்த்தால் அக்கா பெயர். நற்கருணைக்கு வரிசையில் நின்றவன் அப்படியே வெளியே வந்து வண்டியை எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அறுநூறு கோழி போயிருந்தது. அந்த வாரத்துக்குள் மீதியும் போனது. கொடுத்திருந்த மருந்து ஓரளவுக்குத் தாங்கியிருக்கும். கடைசி மருந்து போடாத நேரத்தில், சாக்கோடும் டயரோடும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதை அது எப்படித் தாங்கும்?

அக்கா முறைப்படி குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, நோட்டில் எழுதியிருந்தபடியே எல்லாம் செய்திருந்தார். கேட்டுக்கு வெளியே அந்த நாற்காலி அப்படியே கிடந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழனிசாமியைத் திட்டலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கையில் சுண்ணாம்பு.

“நீங்க குளிச்சுட்டு வந்தீங்க, துணி மாத்திட்டு வந்தீங்க, வண்டிய ரோட்டுலயே உட்டுட்டு வந்தீங்க, எல்லாஞ் செரிங்க டாக்டரே. நான் கேட்டப்ப நெசத்தச் சொல்லியிருந்தீங்கன்னா, அந்தத் தீவன வண்டியும் ரோட்டுலயே நின்னிருக்குமுங்களே.”

செருப்பு, டயர், சாக்கு, முட்டை அட்டை, காக்கா, நாய் என்று வைரஸ் பரவுகிற வழியையெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கத்துகிறவன் நான். மூடிக்கொண்டிருந்த என் வாயை மட்டும் அந்தப் பட்டியலில் இன்று வரைக்கும் சேர்த்ததில்லை.